அடுத்த ஊர் கூரை நம் வீட்டுக்கு ஆகுமா? மொட்டைமாடியில் நடக்கும் தவறுகள்

ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கியதும்தான் பலருக்கு மொட்டைமாடி ஞாபகமே வருகிறது. உடனே கொத்தனாருக்குப் போன், பெயின்ட் கடைக்கு ஓட்டம், ஈரத் தளத்தின் மேலேயே வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். அடுத்த கோடையில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்து வரும். கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. தளத்துக்குள் தங்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே வரப் பார்க்கிறது, பூசிய படலம் வழிமறிக்கிறது, அதனால் தூக்கிவிடுகிறது. மழைக்காலத்தில் செய்ய வேண்டியது, எங்கே ஒழுகுகிறது என்று சீலிங்கில் பென்சிலால் வட்டம் போட்டு, போனில் படம் எடுத்து வைப்பது. அவசரத்துக்கு மேலே தார்ப்பாய் விரிக்கலாம். பழுது பார்க்கும் காலம் தை, மாசி. அப்போது தளம் காய்ந்திருக்கும், மண்டையைப் பிளக்கும் வெயிலும் வந்திருக்காது.

தவறான நேரம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தவறு, நம் ஊர் வானிலையைக் கேட்காமல் கூரையை முடிவு செய்வது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. அங்கே நாள்கணக்கில் நனையும் கூரையில் தண்ணீர் நிற்காமல் வழிந்தாக வேண்டும், அதனால்தான் சரிவான ஓட்டு வீடுகள். மழை குறைந்த செட்டிநாட்டிலோ நான்கு பக்கக் கூரையும் உள்முற்றத்தை நோக்கிச் சரிந்து, விழும் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே சேகரித்தது. எல்லாமே ஓட்டு வீடுதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு கணக்கு.

இப்போது இன்டர்நெட்டில் படம் பார்த்து 'கேரளா மாடல் எலிவேஷன்' கேட்கிறார்கள். சரிவாகக் கான்கிரீட் போட்டு, அதன் மேல் ஓட்டை ஒட்டிவிடுவது. பழைய ஓட்டுக் கூரையில் ஓட்டின் இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறும். கான்கிரீட்டில் ஒட்டிய ஓடு வெறும் அலங்காரம். மேலும், சரிவில் கான்கிரீட்டைச் சரியாகக் குத்தி இறுக்குவது கடினம், கலவை கீழ்நோக்கி வழுக்கும். உள்ளே பொத்தல் விழுந்தால் ஒழுக்கு நிச்சயம், மேலே ஓடு ஒட்டியிருப்பதால் அதைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு. ஓட்டு வீடுதான் ஆசை என்றால் மரத்திலோ இரும்பிலோ சட்டம் போட்டு நிஜ ஓடே வேயலாமே.

'மேலே இன்னொரு மாடி வரும்'

நம் ஊர்க் கூரைகளைக் கெடுப்பதில் முதல் இடம் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அடுத்த மாடி எடுக்கப் போகிறோமே, இப்போது எதற்குத் தட்டோடு (தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு), வீண் செலவு என்று தளத்தை மொட்டையாக விட்டுவிடுவார்கள். அந்த மாடி பையன் கல்யாணத்துக்கு வருவதாக இருக்கும், பேரன் பள்ளிக்கூடம் போகும் வரை வராது. அத்தனை வருடமும் வெறும் கான்கிரீட் சித்திரை வெயிலில் காய்ந்து விரிகிறது, இரவில் சுருங்குகிறது, கோடை மழை திடீரென்று விழும்போது சூட்டோடு சூடாகக் குளிர்கிறது. தளமும் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல் ஓடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அதற்கு முக்கியக் காரணம் இந்த அசைவுதான்.

தூண் கம்பிகளின் கதை இன்னும் மோசம். எதிர்கால மாடிக்கென்று நாலடி உயரத்துக்கு நிற்கும் கம்பிகள் மழையில் துருப்பிடிக்கும். துரு மேலே தெரியும் கம்பியோடு நிற்பதில்லை, கம்பி கான்கிரீட்டுக்குள் இறங்கும் வாயிலில் தண்ணீர் தேங்கி அங்கிருந்து உள்ளேயும் பரவும். துருப்பிடித்த இரும்பு முன்னிருந்ததைவிட அதிக இடம் கேட்கும், அதனால் தூணின் தலை வெடிக்கும். கம்பியை விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் சிமென்ட் பால் அடித்து, சிமென்ட் குறைந்த கான்கிரீட்டால் மூடிவிடுங்கள். பிறகு வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம்.

தட்டோட்டையும் அதற்கு அடியிலுள்ள செங்கல் ஜல்லி - சுண்ணாம்புத் தளத்தையும் 'பழங்காலத்து வேலை' என்று ஒதுக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். மூன்று, நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் குழைத்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலப்பதுண்டு. பழைய சென்னை வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸுக்கு மேலேயும் இதே தளம்தான். அது கான்கிரீட்டுக்கும் வெயிலுக்கும் நடுவே நிற்கிறது, சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் எளிதில் விரிசல் விடுவதும் இல்லை. அடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கூலியும் கூடிவிட்டது, உண்மைதான். அந்த வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளை டைல்ஸ் பதியுங்கள். அதுவும் முடியாவிட்டால் வருடா வருடம் மாசியில் சுண்ணாம்பாவது அடியுங்கள். அழகுக்காகக் கரும்பழுப்பு டைல்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு பத்து மணிக்குப் படுக்கையறைக்குள் இறக்கும். அப்புறம் ஏசி போட்டு அந்தச் சூட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

தண்ணீர் போகும் வழி

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 49 செ.மீ. அப்படியொரு நாளில் ஒரே ஒரு குழாயை நம்பியிருந்தால், வேப்பிலையோ பிளாஸ்டிக் பையோ அதன் வாயில் உட்கார்ந்ததும் மாடி குளமாகிவிடும். ஒரு அங்குலம் தேங்கினாலே தளத்தின் மேல் இரண்டு டன்னுக்கு மேல் கூடுதல் எடை. சின்ன வீடானாலும் இரண்டு மூலைகளில் 4 அங்குலக் குழாய் வையுங்கள், குழாய் வாயில் குப்பை தடுக்கும் வலை போடுங்கள். தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தட்டோடு பதிக்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நீங்களே நின்று பாருங்கள். மேஸ்திரி 'அதெல்லாம் போகும் சார்' என்பார். ஊற்றிப் பார்த்துவிட்டே பேசுங்கள். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல், கலவையை வளைவாகப் பூசிச் சுவரில் அரையடி உயரம் வரை ஏற்ற வேண்டும். தளம் நன்றாக இருந்தும் ஒழுகும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த மூலைதான்.

கடலோரக் காற்றும் உப்பும்

காற்று கூரையை அமுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம், அது உண்மையில் தூக்குகிறது. கூரையின் மேல் வேகமாகப் போகும் காற்று மேலிருந்து உறிஞ்சும், திறந்த கதவு வழியாக நுழைந்தது கீழிருந்து தள்ளும். ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுப்பு அதிகம். ஷீட் போட்ட கூரையில், ஷீட்டின் நடுவில் நிறைய போல்ட் அடித்துவிட்டு, ஓரத்தில் கைச்சிக்கனம் பார்ப்பது நேர் எதிரான வேலை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. புயலின் கண் கடக்கும் ஊர்களில் காற்று சற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் போதாது. ஷீட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைத் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் பிணைக்க வேண்டும். செங்கலையும் மணல் மூட்டையையும் ஷீட் மேல் பாரமாக வைப்பது, புயல் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தலைக்குக் குறி வைப்பது மாதிரி. அலை அலையான ஷீட்டில் திருகை மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் ஓடும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே இறங்கும்.

கான்கிரீட் வீட்டுக்குக் கடலோரத்தில் காற்றைவிட உப்புதான் எதிரி. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைக்காமல் சென்ட்ரிங் பலகை மேலேயே கிடத்திக் கான்கிரீட் போட்டால், சில வருடங்களில் சீலிங் காரை பெயர்ந்து துருக்கம்பி பல்லிளிக்கும். மேலே என்ன பூசினாலும் அது நிற்காது. பெயர்ந்த இடத்தைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசிய பிறகே புதுக் கலவை.

ஒழுக்குக்கு இப்போது வந்த புது வாசல் சோலார் பேனல். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சூரிய வீடு மானியத் திட்டம் தொடங்கிய பிறகு நிறைய பேர் போடுகிறார்கள். ஆட்கள் காலையில் வந்து தட்டோட்டில் துளை போட்டு, போல்ட் இறக்கி, மாலையில் போய்விடுவார்கள். அந்த ஒவ்வொரு துளையும் கார்த்திகையில் ஒரு ஒழுக்கு. பேனல் கால்களுக்குத் தனியாகக் கான்கிரீட் பீடம் கட்டித் தரச் சொல்லி, அதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கடலோரமாக இருந்தால் பீடத்தின் எடையைக் காற்றின் இழுப்புக்கு ஏற்ப இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், கண்ணளவு உதவாது. துளை போட்டே ஆக வேண்டிய இடத்தில், போல்ட் இறக்கும் முன் துளையைத் தூசி போக ஊதிச் சுத்தம் செய்து எபாக்ஸி பசை நிரப்பச் சொல்லுங்கள். அதை அவர்கள் செய்து முடிக்கும் வரை மாடியை விட்டு இறங்காதீர்கள்.