சரிவான கொல்லைப்புறத்தை நாமே திருத்தும்போது சறுக்கும் இடங்கள்

சரிவான கொல்லைப்புறத்தைத் திருத்த இறங்குபவர்கள் முதலில் தேடுவது மண்வெட்டியை. கல் எங்கே அடுக்குவது, எந்தச் செடியை எங்கே வைப்பது என்பதெல்லாம் ஒரே மாலையில் முடிவாகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சரிவில் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வி விட்டுப்போனதால்தான் கெடுகின்றன. கல் சரியில்லை, செடி சரியில்லை என்று பிறகு சொல்லப்படும் காரணங்களைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அடியில் ஈரம் இருக்கும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2,500 லிட்டர். அந்தக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே குழாய் வழியாகச் சரிவின் தலையில் கொட்டினால், கீழே எவ்வளவு அழகாகப் பாத்தி கட்டியிருந்தாலும் பயனில்லை. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் ஒரு நல்ல மழையில் குடையுடன் வெளியே நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, பக்கத்து மனையிலிருந்து எது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழையைப் பார்க்காமல் போட்ட திட்டம் பாதித் திட்டம்தான்.

சரிவு வீட்டை நோக்கி இறங்கினால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய முதல் 3 மீட்டருக்குள் தரை குறைந்தது 15 சென்டிமீட்டராவது வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். பலர் இதற்கு நேரெதிராக, அழகுக்காகச் சுவரோரம் மண்ணைக் குவித்துப் பூப்பாத்தி அமைக்கிறார்கள். அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் ஊட்டும் வேலை அது. வீட்டுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக, ஆழமில்லாத அகன்ற வாய்க்கால் ஒன்றை வெட்டி, 100-க்கு 1 அல்லது 2 என்ற மெல்லிய சாய்வில் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புவதே முறை. திருப்பிய தண்ணீர் அடுத்த வீட்டுக்காரரின் மனையில் போய் விழக் கூடாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். உறவும் கெடும், வழக்கும் வரும்.

கண்ணால் அளப்பது

சரிவில் நிற்கும்போது கண் நம்மை ஏமாற்றும். ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைமட்டமாக எதுவும் எதிரே இல்லாததால், சாய்ந்த இடம் சமமாகவும் சமமான இடம் எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகவும் தெரியும். மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை, நடுவே இழுத்துக் கட்டிய நூல், ஒரு ரசமட்டம் அல்லது தண்ணீர் நிரப்பிய டியூப் இவ்வளவு இருந்தால் போதும். கிடைமட்டமாக 10 மீட்டர் போவதற்குள் தரை 2 மீட்டர் இறங்கினால் சரிவு 20 சதவீதம்.

3 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம் வரையுள்ள சரிவில் புல் வளர்த்து, வெட்டிப் பராமரிக்கலாம். அதைவிடச் செங்குத்தானால் புல்வெட்டும் இயந்திரம் ஆபத்து. வேர் பிடிக்கும் செடிகளே பொருத்தம். 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்பதையும் தாண்டிவிட்டால் செடிகளை மட்டும் நம்பி இருக்க முடியாது.

எல்லாவற்றையும் சமமாக்கும் ஆசை

சரிவு என்றாலே அதை ஒரே தளமாக மாற்றிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. செலவும் ஆபத்தும் அங்கேதான் பெருகுகின்றன. சமமாக்கிய மண் சரியாமல் இருக்க அதைத் தாங்கும் சுவர் வேண்டும். அந்தச் சுவரை மண் தள்ளும் மொத்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. சுவரின் உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு; சுவரைக் கவிழ்க்கும் திருப்பு விசையோ எட்டு மடங்கு. அடுத்தவர் வீட்டில் அரை மீட்டர்ச் சுவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அதே முறையில் ஒரு மீட்டருக்கு ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேலே சொன்ன 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் இறக்கம் கொண்ட இடத்தையே எடுத்துக்கொள்வோம். அதை ஒரே தளமாக்க 2 மீட்டர்ச் சுவர் வேண்டும். சொந்தமாகக் கட்டிப் பார்க்கும் உயரமல்ல அது. நான்கு படித்தளங்களாகப் பிரித்தால் 50 சென்டிமீட்டர்ச் சுவர்கள் நான்கு. ஒவ்வொரு தளமும் ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம். நாற்காலி போடலாம், காய்கறிப் பாத்தி போடலாம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: சுவர்களை நெருக்கமாகக் கட்டினால் மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரின் முதுகில் ஏறும். இரண்டுக்கும் இடையே கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இரு மடங்கு இடைவெளியாவது வேண்டும்.

ஏறக்குறைய 1.2 மீட்டரைத் தாண்டும் தாங்குசுவருக்குப் பல இடங்களில் பொறியாளரின் வடிவமைப்பும் முன் அனுமதியும் கட்டாயம். சில இடங்களில் இதைவிடக் குறைந்த உயரத்துக்கே விதி உண்டு. கேட்டுவிட்டுத் தொடங்குவது மலிவு.

சுவருக்குப் பின்னால் இருப்பது

சுவரின் முகத்துக்குக் கிடைக்கும் அக்கறை அதன் முதுகுக்குக் கிடைப்பதில்லை. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்குத் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 500 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். மண்ணின் தள்ளுதல் தனிக் கணக்கு. வயிறு தள்ளி, வெடித்து, ஒரு மழைக்காலத்தில் சாய்ந்துவிடும் சுவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

தோண்டிய களிமண்ணையே திரும்பச் சுவருக்குப் பின்னால் போட்டு நிரப்புவதைத் தவிர்க்க வேண்டும். களிமண் தண்ணீரை விடாது, ஈரத்தில் உப்பும். சுவரை ஒட்டி 30 சென்டிமீட்டர் அகலத்துக்காவது ஜல்லி நிரப்பி, அடியில் துளையுள்ள குழாய் பதித்து, அதன் முனையைத் திறந்த வெளியில் விட வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி விரித்தால்தான் சில ஆண்டுகளில் ஜல்லி அடைபடாமல் இருக்கும். சிமென்ட் பூசிக் கட்டினால் கசிவுத் துளைகள் கட்டாயம். அடிவரிசைக் கல் தரைக்குள் புதைந்திருக்க வேண்டும். சுவர் சற்றே மேட்டுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், புதிதாக இறங்குபவர்களுக்குச் சிமென்ட் இல்லாமல் கல்லை அடுக்கும் தாழ்வான சுவரே நல்லது. தண்ணீர் கல்லிடுக்குகளில் தானாக வடியும். ஒரு பகுதி சரிந்தாலும் பிரித்து அடுக்கிக்கொள்ளலாம்.

மேட்டில் வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் போடும்போது நேரும் பிழைகள் வெளியே தெரியாதவை. புல் மூடிய சரிவின் மேல் அப்படியே மண்ணைக் கொட்டினால், மட்கும் புல் வழுக்குத் தளமாகி, போட்ட மண் முழுவதும் ஒருநாள் நழுவும். புல்லைச் செதுக்கி, அடித்தரையைப் படிபடியாக வெட்டிக்கொண்ட பிறகே நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் கொட்டாமல் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, திமிசுக்கட்டையால் இறுக்க வேண்டும். கருத்த மேல்மண்ணை முதலிலேயே தனியாக வழித்து வைத்து, கடைசியில் மேலே பரப்புங்கள். அடியில் புதைந்துபோன வளமான மண் எந்தச் செடிக்கும் உதவாது.

மழைக்காலத்துக்குச் சற்று முன்னே தோண்ட ஆரம்பிப்பதும், சரிவின் அடிவாரத்தை முழு நீளத்துக்கும் ஒரேயடியாக வெட்டுவதும் உயிர் ஆபத்து. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னைத் தாண்டும்; இடுப்பளவு மண் சரிந்தாலே மனிதரால் வெளியே வர முடியாது. பகுதி பகுதியாக வெட்டிக் கட்டுங்கள். மின்கம்பி, தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்பதைக் கடப்பாரை கண்டுபிடிக்கக் கூடாது.

செடிகள், படிகள்

பெரிய மரம் இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்டினால் சரிவு அன்றே இளகுவதில்லை. வேர் மட்கச் சில ஆண்டுகள் ஆகும். மண்ணின் பிடி தளர்வது அப்போதுதான். மரத்தை வைத்துக்கொண்டு அடிமரத்தைச் சுற்றி மண்ணை ஏற்றினாலும் வேருக்குக் காற்றில்லாமல் மரம் மெல்லச் சாகும்.

மேலிருந்து கீழாக வரிசை பிடித்து நட்டால் ஒவ்வோர் இடைவெளியும் ஓடையாகும். சம உயரத்தில், சரிவுக்குக் குறுக்காக நட வேண்டும். மூன்று குச்சிகளை ‘ஏ’ வடிவில் கட்டி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டால் அந்தச் சம உயரக் கோட்டை யாரும் கண்டுபிடித்துவிடலாம். உறைபனி இல்லாத இடங்களில் வெட்டிவேர் வரிசை அருமையான வேலி. அதன் வேர் செங்குத்தாகப் பல அடி இறங்கி மண்ணைத் தைத்துவிடும். வெறும் புல்தரையின் வேர் மேலோட்டமானது.

களைக்குப் பயந்து பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கூழாங்கல் பரப்புகிறார்கள்; சரிவில் அந்தக் கல் அத்தனையும் அடிவாரம் சேரும். செடி வளரும்வரை தென்னைநார் வலையை விரித்து முளையடிப்பது மேல். அது மட்குவதற்குள் வேர் பிடித்துவிடும். நீர் பாய்ச்சும்போது சரிவின் தலை சீக்கிரம் காயும், அடி சொதசொதப்பாக இருக்கும். வறட்சி தாங்குபவை மேலே, ஈரம் விரும்புபவை கீழே.

படிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோந்தேல் 17-ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இன்றும் செல்லும்: படி உயரத்தின் இரு மடங்கோடு மிதியகலத்தைக் கூட்டினால் 60 முதல் 64 சென்டிமீட்டர் வர வேண்டும். 14 உயரம், 35 மிதி என்றால் 63. ஒரே ஒரு படி மட்டும் உயரம் மாறினாலும் கால் இடறும்.

சரிவின் தலையில் பிறை வடிவில் வெடிப்பு, ஒரே பக்கம் சாயும் மரங்கள், மழையே இல்லாதபோதும் ஊறும் ஈரம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மண் பொறியியல் தெரிந்தவரை அழையுங்கள். அந்தச் சரிவு ஏற்கெனவே நகர ஆரம்பித்திருக்கலாம்.