பழைய டீசல் லாரி இன்ஜினா, புதுசா? எது நம்பகமானது என்று அளந்து பார்க்கும் முறை

"பழைய இன்ஜினுக்குச் சாவே இல்லை, புதுசு வெறும் சென்சார் மூட்டை" என்பார் ஒருவர். "பழசு புகை கக்கும், ஆயில் குடிக்கும்" என்பார் இன்னொருவர். இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும்வரை எத்தனை கி.மீ. ஓடும் என்பது ஒரு கேள்வி. போகிற வழியில் எத்தனை முறை நிறுத்திவிடும் என்பது வேறு கேள்வி. முதல் கணக்கில் புது இன்ஜின்கள் நன்றாகவே தேறும். இரண்டாவது கணக்கில்தான் அடி வாங்கும். இரண்டையும் தனித்தனியாக அளக்கும் வழி இதோ.

படி 1: வருடத்தைப் பார்க்காதீர்கள், மாட்டியிருப்பதைப் பாருங்கள்

டெட்ராய்ட் டீசலின் சீரீஸ் 60 இன்ஜின் 1987-லேயே எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு வந்துவிட்டது. ஆகவே வருடத்தை வைத்துப் பழசு, புதுசு என்று பிரித்தால் கணக்கு தப்பும். கேபினைத் தூக்கிப் பார்த்து நான்கில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இன்லைன் பம்பும் நாசிலும் உள்ள மெக்கானிக்கல் வகை. டீசலைத் தெளிக்கும் நாசில் சுமார் 200 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கும், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கிடையாது. இரண்டாவது, கேம் ஷாஃப்ட் அழுத்தி, அளவை இசியு தீர்மானிக்கும் யூனிட் இன்ஜெக்டர் வகை. மூன்றாவது, காமன் ரெயிலும் (எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக அழுத்த டீசல் தரும் பொதுக் குழாய்) இஜிஆரும் (புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ளது. ரெயில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல், சிலவற்றில் 2,500 வரை போகும். நான்காவது, அதோடு டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), எஸ்சிஆர் (யூரியா திரவம் அடித்துப் புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பு) எல்லாம் சேர்ந்தது. அமெரிக்காவில் 2007, 2010 விதிகளோடும், ஐரோப்பாவில் 2013-இல் யூரோ 6-ஓடும், இந்தியாவில் ஏப்ரல் 2020-இல் பிஎஸ் 6-ஓடும் வந்த தலைமுறை இது.

என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான் நடுவில் நின்று இரண்டு பக்க நன்மையையும் தருவது. ஆயில் பிரஷர் இறங்கினால் எச்சரித்துக் காப்பாற்றும் மூளை உண்டு, அடைத்துக்கொள்ள ஃபில்டர் சைலன்சர் இல்லை.

படி 2: கி.மீ. மட்டும் போதாது

ஓடிய மணி நேரத்தையும் எடுங்கள். 6 லட்சம் கி.மீ., 12,000 மணி நேரம் என்றால் சராசரி 50 கி.மீ. வேகம். அதே 6 லட்சத்துக்கு 24,000 மணி என்றால் சராசரி 25-தான். பாதி ஆயுள் ஐடிலிங்கிலும் நெரிசலிலும் போயிருக்கிறது. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் சரியாக எரியாது. கரி இஜிஆரிலும் டிபிஎஃபிலும் படியும். இசியு உள்ள வண்டியில் மொத்தம் எரித்த லிட்டரும் ஸ்கேனரில் கிடைக்கும். ஒப்பிட அதைவிட நல்ல அளவு கிடையாது.

படி 3: மூன்று கட்ட நோட்டு

பழுதுகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். "நின்றது" என்றால் கட்டி இழுத்தோ, நடுவழியில் ஆள் வரவழைத்தோ சரிசெய்தது. "முடங்கியது" என்றால் பவர் குறைந்தாலும் ஊர் வந்து சேர்ந்தது. "பட்டறை" என்றால் சர்வீஸில் கண்டுபிடித்தது.

கணக்குக்காக இரண்டு லாரிகள், இரண்டும் 3 லட்சம் கி.மீ. ஓடியவை என்று வைப்போம். மெக்கானிக்கல் லாரி 3 முறை நின்றது, 1 முறை முடங்கியது. டிபிஎஃப் லாரி 2 முறை நின்றது, 9 முறை முடங்கியது. நின்றதை மட்டும் எண்ணினால் பழசுக்கு 1 லட்சம் கி.மீ.க்கு ஒரு முறை, புதுசுக்கு ஒன்றரை லட்சத்துக்கு ஒரு முறை. புதுசு ஜெயிக்கிறது. முடங்கியதையும் சேர்த்தால் பழசுக்கு 75,000, புதுசுக்குச் சுமார் 27,000. இப்போது பழசு ஜெயிக்கிறது. வாய்ச்சண்டை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

ஒவ்வொரு பழுதுக்கும் எத்தனை மணி நேரம் வண்டி கிடந்தது என்றும் எழுதுங்கள். பழசில் பைப் லீக்கை ஸ்பேனரோடு சரிசெய்துவிடலாம். புதுசில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் கையளவு நாக்ஸ் சென்சார் ஒன்றுக்காக ஸ்கேனரும் பார்ட்ஸும் வரும்வரை வண்டி கிடக்கும்.

படி 4: ரிங், லைனர் நிலை (பலர் தவறும் இடம்)

பிஸ்டன் ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள் உறை) தேய்ந்தால் சிலிண்டர் வாயு கீழே கிராங்க் கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பெட்டி) இறங்கி அங்கே அழுத்தம் ஏறும். அதை அறிய ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்து, அது குதிக்கிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. ராக்கர் ஆர்ம்கள் கிளப்பும் காற்றிலேயே மூடி ஆடும். தண்ணீர் மேனோமீட்டர் பயன்படுத்துங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் மாட்டினால் போதும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கம்பெனி மேனுவல் சொல்லும் துவாரத் தகட்டை பிரீதரில் (கிராங்க் கேஸ் காற்று வெளியேறும் வழி) வைத்து, லோடில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படியுங்கள். மேனுவல் தரும் எல்லையோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வண்டியின் எண்ணோடு அல்ல.

எண் கூடிவிட்டதென்று உடனே ரிங் போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புது இன்ஜின்களில் பிரீதர் மூடிய சுற்றாக இருக்கும். அதற்குள் ஒரு ஃபில்டர் உண்டு. அது அடைத்தாலே அழுத்தம் ஏறும். டர்போ சீல் தேய்ந்தாலும், பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரெசரின் ரிங் தேய்ந்தாலும் காற்று கிராங்க் கேஸுக்குள்தான் வந்து சேரும். ஃபில்டரை மாற்றி, கம்ப்ரெசர் வழியைத் தனியாகப் பிரித்து, மறுபடி அளந்த பிறகே லைனரைப் பற்றிப் பேசுங்கள்.

கூடவே ஆயில் சாம்பிளைச் சோதனைக்கு அனுப்புங்கள். ஒரு சாம்பிளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அடுத்தடுத்து மூன்று வேண்டும். சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினால் ஏர் ஃபில்டர் பக்கம் தூசி நுழைகிறது. சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கசிகிறது. புது வகையில் முதல் சந்தேகம் இஜிஆர் கூலர்மேல். ஆயிலில் டீசல் கலந்திருந்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது டிபிஎஃபை எரிக்க சிலிண்டருக்குள் தாமதமாக அடிக்கும் டீசல் சுவர் வழியே இறங்குகிறது. இதற்கு லேப் முடிவு வருவதற்கு முன்பே ஓர் அறிகுறி தெரியும்: ஆயில் ஊற்றாமலே டிப் ஸ்டிக்கில் மட்டம் உயர்ந்திருக்கும்.

பழைய இன்ஜினுக்கு ஒரு தனிப் பார்வை வேண்டும். வெட் லைனர் (கூலன்ட் நேராகத் தொடும் லைனர்) உள்ளதில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் லைனரின் வெளிப்பக்கம் ஊசி குத்தியதுபோல் அரித்து, கடைசியில் துளையே விழும். சரியான சேர்ப்பு கலந்த கூலன்ட்தான் மருந்து.

படி 5: டீசல் பக்கம்

மெக்கானிக்கல் இன்ஜினில் எந்த சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும்போது நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. 1,600 பாரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிக் கையில் பாய்ந்தால் சிறு துளைதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புது வகைக்கு லீக் ஆஃப் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரே அளவுள்ள குப்பிகளில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். ஒரு குப்பி மட்டும் மற்றவற்றைவிட மிக வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. ரிட்டர்ன் வழி ஹெட்டுக்குள்ளேயே போகும் இன்ஜின்களில் இது முடியாது. அங்கே ஸ்கேனரின் சிலிண்டர் கட் அவுட் சோதனைதான். மலிவான கோடு ரீடர் வாங்காதீர்கள். இந்தச் சோதனை அதில் வராது.

இன்ஜெக்டரின் உள் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். பழைய நாசில் பொறுத்துக்கொண்ட தூசியும் தண்ணீரும் இதைக் கெடுத்துவிடும். சுத்தமான டீசல் உறுதியில்லாத இடத்தில் காமன் ரெயிலின் ஆயுளைப் பழசோடு ஒப்பிடுவதே நியாயமில்லை.

படி 6: டிபிஎஃபும் யூரியாவும்

கரியும் சாம்பலும் வேறு. கரி ரீஜெனரேஷனில், அதாவது டிபிஎஃபைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும்போது, சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரிந்துவிடும். சாம்பல் இன்ஜின் ஆயிலிலிருந்து வருவது, எந்தச் சூட்டிலும் எரியாது. கழற்றிச் சுத்தம் செய்தால்தான் போகும். ஸ்கேனரில் இரண்டு ரீஜெனரேஷனுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பாருங்கள். அது மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் சாம்பல் நிறைகிறது, அல்லது இஜிஆரோ இன்ஜெக்டரோ கரியை அதிகம் அனுப்புகிறது. டிபிஎஃபை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் புதுசும் அடைத்துவிடும்.

குறுகிய தூரம் ஓடி நின்று நின்று போகும் வண்டிக்கு இந்தத் தலைமுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடேறுவதற்குள் நிறுத்தினால் ரீஜெனரேஷன் பாதியில் அறுந்துவிடும். நெடுஞ்சாலையில் லோடோடு மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்குக் கவலை குறைவு.

எஸ்சிஆருக்கு ஊற்றும் திரவத்தில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். திரவத்தின் செறிவைக் காட்டும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் கையில் இருந்தால் ஒரு சொட்டில் தெரிந்துவிடும். கலப்படத் திரவத்தால் வந்த முடக்கத்தை இன்ஜின் கணக்கில் எழுதாதீர்கள்.

பின் சேர்க்கை: டிபிஎஃபைக் குடைந்து எடுத்த வண்டிகள்

இந்த முறையில் அளந்தும் "புதுசு முடங்கவே இல்லை" என்று விடை வந்தால், சைலன்சர் வாயின் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது. டிபிஎஃப் முழுசாக உள்ள வண்டியில் விரலில் கரி ஒட்டாது. கறுப்பாக வந்தால் உள்ளே ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வண்டியின் எண்கள் நான்காவது வகைக்குச் சேராது. நோட்டிலிருந்து அதை நீக்கிவிட்டு வேறு வண்டியை எடுங்கள்.