ஐரோப்பாவில் டாக்டருக்குப் படிக்கப் போகிறீர்களா? கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

நீட் ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். "சார், ஐரோப்பாவுல எம்.பி.பி.எஸ். சீட் இருக்கு, என்.எம்.சி. அப்ரூவ்டு காலேஜ், இந்த வாரமே அட்வான்ஸ் கட்டணும்." தங்கைக்காக வந்த அந்த போன்களை எடுத்தவன் நான்தான். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: என்.எம்.சி. என்கிற தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் 'அப்ரூவ்' செய்து பட்டியல் போடுவதில்லை. விதிகளைத்தான் போட்டிருக்கிறது. கல்லூரி அதற்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் தலையில்தான் விழுகிறது.

எந்த நாடு, எவ்வளவு செலவு என்று ஆரம்பிக்காதீர்கள். படித்து முடித்து எங்கே டாக்டராக இருக்கப் போகிறோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஊருக்குத் திரும்புவதுதான் எண்ணம் என்றால், 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் புது விதி. படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில். அதே கல்லூரியில் 12 மாதம் ஹவுஸ் சர்ஜன் மாதிரியான பயிற்சி. பாதி ஒரு நாடு, பாதி இன்னொரு நாடு என்று படிக்க முடியாது. அந்த நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே டாக்டராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் வேண்டும். இங்கே வந்து இன்னொரு 12 மாதம் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். நீட் இதற்கெல்லாம் வாசல். தேறிய மதிப்பெண் வெளிநாட்டுப் படிப்புக்கு மூன்று வருடம் செல்லும். "நீட் இல்லாமலே போகலாம்" என்று ஒருவர் சொன்னால், போகலாம்தான், திரும்பி வந்து இங்கே டாக்டராக இருக்க முடியாது.

அப்புறம் எஃப்.எம்.ஜி.இ., வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? 2024 ஜூன் தேர்வில் தேறியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். சமூக மருத்துவத்துக்கு மட்டும் 30 மதிப்பெண். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையையும் காசநோய்த் திட்டத்தையும் ஐரோப்பியப் பேராசிரியர் நடத்த மாட்டார். அதை இரண்டாம் வருடத்திலிருந்தே நீங்களாகப் படித்துக்கொண்டு வர வேண்டும். எஃப்.எம்.ஜி.இ.க்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு வரும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி எல்லோர் வாயிலும் இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லையே என்று. (ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ.) ஆனால் அங்கே மருத்துவம் ஜெர்மன் மொழியில். அதாவது நம் ஊர் விதியின் 'ஆங்கில வழி' அங்கேயே அடிபட்டுவிடுகிறது. பிளஸ் டூ மட்டும் முடித்த பெரும்பாலோர் முதலில் ஒரு வருடம் ஷ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டும், மருத்துவத்துக்கு சி1 அளவு, அதாவது சரளமாகப் பேசி எழுதும் அளவு, ஜெர்மன் வேண்டும், விசாவுக்கு வங்கியில் 11,904 யூரோ முடக்கிக் காட்ட வேண்டும். அங்கேயே தங்குவதாக இருந்தால் அருமையான வழி. திரும்புவதாக இருந்தால் வேண்டாம்.

என் தங்கை இத்தாலிக்குப் போனாள், அங்கேயே இருக்கும் முடிவோடு. அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில வழி மருத்துவத்துக்கு ஐமேட் தேர்வு எழுத வேண்டும்: 100 நிமிடம், 60 கேள்வி, சரிக்கு 1.5, தப்புக்கு 0.4 கழியும். உயிரியல், வேதியியல், இயற்பியல் எல்லாம் நீட்டுக்குப் படித்தவர்களுக்குப் பழகியவை. தர்க்கக் கேள்விகளில்தான் சறுக்குவோம், அதைத் தனியாகப் போட்டுப் பழகுங்கள். ஆறு வருடப் படிப்பு, டாக்டராகும் உரிமமும் பட்டத்தோடே வந்துவிடும். அதற்கான பயிற்சி மூன்று மாதம்தான், அதுவும் படிப்புக்குள்ளேயே. நம் ஊர் கேட்கும் 12 மாதத்துக்கு என்ன வழி என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் திரும்பும் கனவோடு அங்கே சேராதீர்கள். கன்சல்டன்சிக்காரர் வாய்வார்த்தை செல்லாது.

கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைவு என்று காட்ட முடிந்தால் வருடக் கட்டணம் சில நூறு யூரோவுக்குள் வந்துவிடலாம். அதைக் காட்டுவதில்தான் இருக்கிறது வேலை. வீடு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டார்கள். அப்பா ஆறு சென்ட் என்றார், வீட்டு வரி ரசீதில் சதுர அடி, பத்திரத்தில் வேறு அளவு. வங்கியில் டிசம்பர் 31 அன்று எவ்வளவு இருந்தது என்பதற்கும் சான்று. எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போட்டுத் தரும் சான்று முத்திரை), இத்தாலிய மொழிபெயர்ப்பு. சேர்க்கைக்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி நம் இனிஷியல். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர் மட்டும். வெள்ளைக்காரருக்கு இது மூன்று ஆட்கள். எல்லாச் சான்றிதழையும் ஒரே மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டுத்தான் அப்போஸ்டிலுக்குப் போக வேண்டும்.

போய் இறங்கியதும் எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் கிடைப்பது தபால் நிலையத்தில், அதில் ஒட்டும் 16 யூரோ ஸ்டாம்ப் கிடைப்பது சிகரெட் கடையில். தங்கை அரை நாள் தபால் நிலையத்திலேயே ஸ்டாம்ப் கேட்டு நின்றாளாம்.

பாடம் ஆங்கிலத்தில் என்றாலும் வார்டில் படுத்திருக்கும் பாட்டி ஆங்கிலம் பேச மாட்டார். "தோவே லே ஃபா மாலே?" எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் போதாது, அவர் வட்டார வழக்கில் சொல்லும் பதில் புரிய வேண்டும். மொழியைக் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள், பல்கேரியா போனாலும் ஜார்ஜியா போனாலும் இதேதான்.

திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்தை அன்றன்றே வாங்கி நகல் எடுத்து வையுங்கள். நேரில் இருந்து படித்தீர்களா என்பதற்குப் பாஸ்போர்ட் முத்திரைகளையும் இங்கே கேட்பார்கள். நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழையதைத் தொலைத்துவிடாதீர்கள்.