அரிவாளை எடுத்துக் கொடுத்தது அவன், வாக்குமூலம் யாருடையது?

புதிதாக வந்த எஸ்.ஐ.க்களின் சி.டி. (கேஸ் டைரி) ஃபைல்களைப் பார்த்துத் தரச் சொல்லி இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டன. தவறுகள் மட்டும் எங்கள் பேட்ச் காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. பழைய பிரிவைப் போடுவது, தேதி மாறுவது போன்றவற்றை ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரே பிடித்துவிடுவார், விடுங்கள்.

கைப்பற்றுதல்

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கொலை கேஸில் ஆள் சிக்கிய கொஞ்ச நேரத்தில் ஐந்து பக்க வாக்குமூலம் தயாராகிவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதில் தொடங்கி, முன்விரோதம், முதல் வெட்டு எங்கே விழுந்தது என்பது வரை எல்லாம் இருக்கும். கடைசியில், ‘என்னை அழைத்துச் சென்றால் மேற்படி அரிவாளை மறைத்து வைத்த இடத்தைக் காட்டி, எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.’

ஐந்து பக்கத்தில் கோர்ட் எடுத்துக்கொள்வது அந்தக் கடைசி வரியைத்தான். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 23. பழைய சாட்சியச் சட்டத்தின் 27 இப்போது அதே பிரிவுக்குள் ஒரு விலக்காக உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடித்த விஷயத்தோடு நேரடித் தொடர்புள்ள பகுதியை மட்டும் அது அனுமதிக்கும். 1946-லேயே புலுகுரி கோட்டய்யா வழக்கில், அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதற்குக் கோடு கிழித்துவிட்டது. ‘வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்’ என்பது வரை சரி. ‘அதால்தான் குத்தினேன்’ என்பது வெளியே.

மீதிப் பக்கம் இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். பெயின்ட் அடிக்கப் போகும் பையன் ‘மேற்படி’ என்று பேசமாட்டான். ரைட்டர் போன கேஸிலிருந்து காப்பி அடித்தது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். 2022-ல் ராமானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையையே சொல்லியிருக்கிறது. முதலில் இரண்டு சாட்சிகளை ஸ்டேஷனுக்கு வரவழைக்க வேண்டும். அவர்கள் முன்னிலையில் அவன் சொல்ல வேண்டும். அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுத வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து கிளம்ப வேண்டும். நம்மாட்கள் கிளம்பிப் போய், எடுத்து, திரும்பி வந்து, அப்புறம் வி.ஏ.ஓ.வுக்குப் போன் போடுகிறார்கள்.

ஒரு செஷன்ஸ் கேஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூண்டில் வி.ஏ.ஓ. எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

‘வாக்குமூலம் எழுதுறப்ப எங்க இருந்தீங்க?’

‘ஸ்டேஷன்லதாங்க.’

‘அரிவாள் எடுத்த கருவேலங்காட்டுக்கு எதுல போனீங்க?’

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘ஸ்டேஷன்லயே கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க.’

‘வேற கேள்வி இல்லை.’

அரசு வக்கீலான பி.பி. பேனாவை மூடிவிட்டார். பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜரில் முள்வேலிக்குக் கிழக்கே 10 அடி என்று இடத்தை அளந்தே எழுதியிருந்தார்கள்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 105 வந்தபிறகு இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து. தேடுவது முதல் பட்டியல் எழுதிச் சாட்சி கையெழுத்துப் போடுவது வரை வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். எனக்குக் காட்டிய ஒரு வீடியோ தொடங்கும்போதே அரிவாள் நியூஸ்பேப்பர் மேல் கிடக்கிறது. பையன் பக்கத்தில் நின்று கையைக் காட்டுகிறான். இதில் யார் எதைக் கண்டுபிடித்தது?

வண்டியிலிருந்து இறங்கும்போதே போனை ஆன் செய்யுங்கள். அவன் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள். இடத்தைச் சொல்வது அவனாக இருக்கட்டும்; பொருளைத் தூக்குவது கையுறை போட்டவராக இருக்கட்டும். பேக் செய்து, சீல் வைத்து, லேபிளில் சாட்சி கையெழுத்துப் போடும் வரை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு முன்பே தெரிந்த இடத்துக்கு அவனைக் கூட்டிப் போய்ப் படம் எடுத்துப் பயனில்லை. ஏ1 (முதல் எதிரி) காட்டிய இடத்தையே மறுநாள் ஏ2-வும் (இரண்டாம் எதிரி) காட்டினான் என்று எழுதுவதும் இதே ரகம்தான்.

கைதுக்கான காரணம்

‘சம்சாரத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டோம் சார்’ என்கிறார்கள். அது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 48. கைதானவனிடமே காரணத்தைச் சொல்லச் சொல்வது பிரிவு 47-ம் அரசியலமைப்பின் 22(1)-ம். ஒன்றைச் செய்தால் மற்றது செய்ததாகாது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கைதே செல்லாது என்று ஆளை விடுவித்தது. வெறும் பிரிவு எண்ணை எழுதினால் காரணம் ஆகாது. அவன் என்ன செய்தான் என்று அவனுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

180 வாக்குமூலம்

பி.என்.எஸ்.எஸ். 180-ன் கீழ் விசாரித்து எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்காதீர்கள். அடுத்த பிரிவான 181 அதைத் தடுக்கிறது, படியுங்கள்.

சிசிடிவி

பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4), மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்று இல்லாமல் பென் டிரைவை அனுப்பாதீர்கள். ஏ, பி இரண்டு பகுதியும் வேண்டும், ஃபைலை மாற்றவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு.

நேரம்

ஜி.டி. (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு), கைதுக் குறிப்பு, மகஜர், ஜீப்பின் லாக் புக், வீடியோ எல்லாவற்றையும் எதிரே விரித்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குற்றப்பத்திரிகைக்குப் போங்கள். வாக்குமூலம் மாலை 3 மணி, கைது 5 மணி என்று இருந்தால், மூன்று மணிக்கு அவன் யார் பிடியில் இருந்தான் என்று கேட்பார்கள். யார் பிடியிலும் இல்லை என்றால் பிரிவு 23-ன் விலக்கு கை நழுவும். உங்கள் பிடியில்தான் என்றால் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு எப்போது தொடங்கியது என்பார்கள்.