பழைய லேப்டாப் ரீசெட்: காசு கொடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் காலேஜ் சேர்ந்ததும் பழைய லேப்டாப் தேடிக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவார்கள். அங்கே கடைகளில் அடுக்கியிருப்பவற்றில் நிறைய, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த மெஷின்கள்: டெல் லாட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், ஹெச்பி எலைட்புக். கட்டுமானம் உறுதி, விலையும் கைக்கு அடங்கும். "ஃபார்மாட் பண்ணி விண்டோஸ் போட்டாச்சு தம்பி, அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்பார் கடைக்காரர். பாலக்காடு பக்கம் வாங்கினால் அதே பேச்சு "ஒரு குழப்பமும் இல்ல மோனே" என்று வரும். இதை நம்பி செக்போஸ்ட் தாண்டிவிட்டால், திரும்பிப் போய் நியாயம் கேட்பது லேசான காரியமில்லை.

ரீசெட் என்பது டிஸ்க்கில் இருப்பதை அழித்து விண்டோஸை மறுபடி போடுகிற வேலை. டிஸ்க்குக்கு வெளியே இருக்கும் பூட்டுகளை அது தொடுவதில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டார்கள், பட்டா இன்னும் பழையவர் பேரில் என்கிற நிலைமை இது. மற்ற தவறுகளால் ஒரு நாள் வீணாகும். இதில் கோட்டைவிட்டால் போட்ட பணமே போய்விடலாம்.

கம்பெனி லேப்டாப்களை மைக்ரோசாஃப்டின் 'ஆட்டோபைலட்' என்ற ஏற்பாட்டில் பதிந்து வைப்பது வழக்கம். மெஷினின் ஹார்டுவேர் அடையாளம் அந்தக் கம்பெனி பேரில் மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கும். நீங்கள் ரீசெட் செய்து, முதல் செட்டப் திரையில் வைஃபை கொடுத்ததும் மெஷின் அங்கே போய்க் கேட்கும். உடனே கம்பெனி பெயரோடு ஒரு வரவேற்புத் திரை வந்து, ஆபீஸ் ஈமெயிலும் பாஸ்வேர்டும் கேட்டு நிற்கும். டிஸ்க்கையே மாற்றினாலும் அது போகாது. பதிவை நீக்க வேண்டியது அந்தக் கம்பெனிதான். விற்பவர் இன்டர்நெட் இணைக்காமல் லோக்கல் அக்கவுண்ட் (அந்த மெஷினுக்குள் மட்டும் இருக்கும் கணக்கு) போட்டு செட்டப்பை முடித்திருந்தால் இந்தத் திரை வந்தே இருக்காது. கடையில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து நீங்கள் வீட்டில் ரீசெட் செய்யும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே ரீசெட்டை வீட்டுக்குப் போய்ச் செய்து கொள்ளலாம் என்று நினைப்பதே முதல் தவறு. கடையில் உட்கார்ந்து, உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, அவர் கண் முன்னே செய்யுங்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இருக்கும் மெஷினில் ஒரு டீ குடித்துவிட்டு, ஊர்க்கதை கொஞ்சம் பேசுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். செட்டப் திரையில் நெட் கொடுத்த பிறகும் எந்தக் கம்பெனி பெயரும் வராமல், சொந்த உபயோகத்துக்கா, ஆபீஸ் வேலைக்கா என்று பொதுவாகக் கேட்டால் நல்லது. கடைக்காரர் "நேரமில்லை" என்று முணுமுணுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

அதே இருப்பில் பயாஸுக்குள்ளும், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸுக்குள்ளும், ஒரு முறை எட்டிப் பாருங்கள். மெஷினை ஆன் செய்ததும் அமுக்க வேண்டிய கீ டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் கடைக்காரரே எடுத்துத் தரட்டும். உள்ளிருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது பழைய காலத்து வைத்தியம், இன்றைய பிசினஸ் மாடல்களில் அது பலிக்காது. செக்யூரிட்டி பகுதியில் 'ஆப்சல்யூட்' அல்லது 'கம்ப்யூட்ரேஸ்' என்று இருந்து, அது ஆக்டிவேட் ஆகியிருப்பதாகக் காட்டினால் அந்த மெஷின் வேண்டாம். திருட்டைக் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது, ரீசெட்டைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். மேக்புக்கிலும் இதே கதைதான்: 2018 முதல் வந்த பெரும்பாலான மாடல்களில் பழையவரின் ஆப்பிள் கணக்கு நீங்காமல் ஆக்டிவேஷன் லாக் விடாது.

இனி ரீசெட் மெனு. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, அதற்குள் 'ரீசெட் பிசி'. பாஸ்வேர்டு தெரியாத மெஷின் என்றால் லாகின் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ட்ரபிள்ஷூட் வழியாக அதே இடத்துக்குப் போகலாம். அங்கே 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைப் பார்த்து, ஃபைல் தப்பிக்கட்டுமே என்று அதை அமுக்குகிறார்கள். தப்பிப்பது பழைய சொந்தக்காரரின் ஃபைல்களும் அவருடைய யூசர் அக்கவுண்ட்டும்தான். வாங்கிய மெஷினுக்கு 'ரிமூவ் எவ்ரிதிங்' ஒன்றே வழி.

அடுத்தது 'கிளவுட் டவுன்லோட்', 'லோக்கல் ரீஇன்ஸ்டால்'. கடையில் சோதிக்க லோக்கல் போதும், சீக்கிரம் முடியும். வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகும்போது விண்டோஸை இன்டர்நெட்டில் இருந்து புதிதாக இறக்கிப் போடும் கிளவுட் நல்லது, ஏனென்றால் லோக்கல் என்பது மெஷினில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை வைத்தே கட்டுவது. யார் கை வைத்த விண்டோஸ் என்று நமக்கென்ன தெரியும்? ஆனால் கிளவுடுக்கு 4 ஜிபிக்கு மேலேயே இறங்கும். தினம் 1.5 ஜிபி தரும் ஃபோன் பிளானில் அதைத் தொடங்கினால் பாதியில் இழுத்துக்கொண்டு கிடக்கும். பழைய ஃபைல்களை மீட்க முடியாதபடி அழிக்க 'கிளீன் டேட்டா' என்றொரு சுவிட்சும் உண்டு. அது விற்பவருக்குத்தான் முக்கியம், வாங்குபவர் அதைப் போட்டுவிட்டுப் பழைய ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நம் பக்கம் கரண்ட் போக்குவரத்து தெரிந்த கதை. கம்பெனி கழித்த மெஷினில் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது. சார்ஜர் செருகாமல் ரீசெட்டைத் தொடங்காதீர்கள். சதவீதம் ஒரே இடத்தில் நிற்கும், திரை கருக்கும், இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகும். எல்லாம் அதன் இயல்பு. பொறுமையிழந்து பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தால்தான் விண்டோஸ் கெட்டு, 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலர் போட்டுக்கொண்டு முதலிலிருந்து உட்கார நேரிடும். அப்படி பென்டிரைவில் போட்ட பிறகு வைஃபை வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம், வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை அவ்வளவுதான். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் விண்டோஸ் அப்டேட் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

நடுவில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால்? அந்த எண் பழையவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அல்லது அவர் கம்பெனியில் இருக்கும். உங்கள் ஃபைல் எதுவும் உள்ளே இல்லையென்றால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பென்டிரைவிலிருந்து பூட் செய்து டிஸ்க்கில் பழைய பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) நீக்கிவிட்டு இன்ஸ்டால் செய்தால் கீ இல்லாமலே முடியும்.

"ரீசெட் செய்ததும் ஒரிஜினல் விண்டோஸ் போய்விட்டது" என்ற புகார் அடிக்கடி கேட்கிறது. அநேகமாக முதலிலேயே அது ஒரிஜினல் இல்லை. காசு கொடுப்பதற்கு முன் கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளை அடிக்கும் திரையில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றால் சரி. முடியும் தேதி ஒன்றைக் காட்டினால் அது 180 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டிய கம்பெனி லைசன்ஸ், அல்லது யாரோ கிராக் (லைசன்ஸை ஏமாற்றும் திருட்டு மென்பொருள்) போட்டது. ரீசெட்டுக்குப் பிறகு கிராக் தேடி இறக்குவது, சுத்தம் செய்த மெஷினில் நாமே வைரஸைக் கூப்பிட்டு உட்கார வைப்பது.

விண்டோஸ் 10 இருந்த மெஷின் ரீசெட் ஆனாலும் 10-க்குத்தான் திரும்பும். அதற்கான சப்போர்ட் 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசஸரில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதல்தான் இடம். 6, 7 தலைமுறை மெஷின்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேரளப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல, ஐடி பாடமே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸில்தான். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் வாங்கினால் விண்டோஸில் இருப்பது போன்ற ரீசெட் மெனுவைத் தேடாதீர்கள், பென்டிரைவில் புதிதாகப் போடுவதுதான் வழக்கம். 7-ஆம் தலைமுறை மெஷினுக்கு லினக்ஸே பொருத்தம் என்பது என் கட்சி.

எல்லாம் முடிந்தபின் கீபோர்டு. ரீசெட்டில் தமிழ் 99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் எல்லாம் போயிருக்கும், லாங்குவேஜ் பகுதியில் மறுபடி சேர்க்க வேண்டும். வீட்டு உபயோக மாடல்களில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, இரண்டு மொழியில் தட்டச்சு செய்ய முடியாதோ என்று கேட்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு திரையில் காட்டும் மொழிக்கு மட்டும். கீபோர்டு எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.