சில போன்களில் மட்டும் தேதி ‘நில்’ ஆகும்போது

சர்வரிலிருந்து தேதி எழுத்து வடிவில் (ஸ்ட்ரிங்) வரும்: ‘2025-12-29 14:30:00’. ஐபோன் ஆப் எழுதும் மொழியான ஸ்விஃப்டில், டேட்ஃபார்மேட்டர் அதை எல்லா டெஸ்ட் போன்களிலும் சரியாகத் தேதியாக மாற்றியது. சில பயனர்களிடம் மட்டும் ‘நில்’ (nil), அதாவது மதிப்பே இல்லை. 24 மணி நேர வழக்கமுள்ள ரீஜன், ஆனால் செட்டிங்ஸில் 12 மணி நேரம் என மாற்றிய போன்கள் அவை. பயனரின் விருப்பம் நம் ஃபார்மேட்டையே மாற்றிவிடும். காலண்டர் பௌத்த முறையில் இருந்தால் இன்னும் மோசம்: பிழையே வராது, 2025 என்பது 1482 ஆகிவிடும்.

தீர்வு ஒரே வரி. ஃபார்மேட்டரின் லொகேலை (மொழி, வட்டார அமைப்பை) பயனரின் செட்டிங்ஸால் மாறாத ‘இஎன்_யுஎஸ்_பாசிக்ஸ்’ (en_US_POSIX) என்று வைத்தேன், ஃபார்மேட்டைக் கொடுப்பதற்கு முன்பே. டைம்ஸோனையும் வெளிப்படையாக சர்வர் அனுப்பும் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று கொடுங்கள். விட்டால் போனின் டைம்ஸோனை எடுத்துக்கொள்ளும். திரையில் காட்டுவதற்கு வேறு ஃபார்மேட்டர், அதில் பயனரின் லொகேல்.

ஃபார்மேட்டில் எழுதும் ஆங்கில எழுத்துகளிலும் கவனம். ஆண்டுக்குச் சிறிய ‘ஒய்’. பெரியது வார ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருகிறதோ அது; 29-12-2025-ஐ அதில் அச்சிட்டால் 2026 என்று வரும். ஆண்டு முழுக்க ஒழுங்காக ஓடி டிசம்பர் கடைசியில் காலை வாரும் ரகம். பெரிய ‘எம்’ மாதம், சிறியது நிமிடம். பெரிய ‘எச்’ 24 மணி நேரம்.

ஐஎஸ்ஓ 8601 என்ற பொதுத் தேதி வடிவத்துக்கான ஐஎஸ்ஓ8601டேட்ஃபார்மேட்டர் மில்லிசெகண்டை இயல்பாக ஏற்காது. வித்ஃப்ராக்ஷனல்செகண்ட்ஸ் ஆப்ஷனைச் சேர்த்தால், மில்லிசெகண்ட் இல்லாத ஸ்ட்ரிங்கை ஏற்காது! சர்வர் இரண்டு வகையும் அனுப்பினால் இரண்டு ஃபார்மேட்டர் வைத்து, ஒன்று ‘நில்’ தந்தால் மற்றதை முயலுங்கள்.

ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்யும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டைப் பல த்ரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில்) பகிர வேண்டாம்.