கழுத்தெலும்பை வைத்து வளர்ச்சியைக் கணிப்பது எப்படி?

பன்னிரண்டு வயதுப் பையன். கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கிறது. கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்து வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் கருவியான ஃபங்ஷனல் அப்ளையன்ஸ் இப்போதே போடலாமா, பொறுக்கலாமா? கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் வயது இதற்குப் பதில் சொல்லாது. ஒரே வகுப்பில் ஒருத்தி மளமளவென்று வளர்ந்து நிற்பாள், பக்கத்தில் இருப்பவன் இன்னும் சின்னப்பிள்ளையாகவே இருப்பான். எலும்பைத்தான் கேட்க வேண்டும்.

இதற்காகவே மணிக்கட்டைத் தனியாக எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் சிகிச்சைத் திட்டத்துக்கு எடுக்கிற பக்கவாட்டு செஃபலோகிராமிலேயே, அதாவது தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே, கழுத்தெலும்புகளும் (கழுத்துப் பகுதி முதுகெலும்புகள்) விழுந்திருக்கும். இன்று பெரும்பாலும் பயன்படுவது, பல் சீரமைப்பு ஆய்வாளர்களான பாச்செட்டி, ஃபிராங்கி, மெக்னமாரா மூவரும் 2005இல் திருத்தி வெளியிட்ட ஆறு நிலை முறை.

முதலில் படம். நாலாவது எலும்பின் கீழ் விளிம்புவரை தெரிகிறதா? கழுத்தைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் தைராய்டு காலர் போட்டு எடுத்த படத்தில் மூன்றாவதும் நாலாவதும் வெள்ளையாக மறைந்துபோயிருக்கும். நான் ஆரம்பத்தில் அப்படி ஒரு படத்தில் பாதியை ஊகித்து டிரேஸ் செய்திருக்கிறேன், அதாவது எலும்பின் விளிம்புகளைக் கோடாக வரைந்திருக்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள்.

எண்ணுதல். தலைக்குக் கீழே, மேல்நோக்கி ஒரு முளை நீட்டிக்கொண்டிருப்பதுதான் இரண்டாவது எலும்பு. பல் போல இருப்பதால் அந்த முளைக்குப் பெயரே பல் முளை. பல்லைப் பார்க்கிற நமக்கு இங்கேயும் பல்தான் வழிகாட்டி! அங்கிருந்து கீழே மூன்று, நான்கு. இதில் ஓர் எண் தவறினால் அப்புறம் எல்லாமே தவறு.

கீழ் விளிம்பு. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வோர் எலும்பிலும் கீழ்ப்பக்கத்தின் முன் மூலையையும் பின் மூலையையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். கோடும் எலும்பும் ஒட்டியிருந்தால் தட்டை. நடுவில் இடைவெளி தெரிந்தால் குழிவு. மூன்று எலும்பும் தட்டை என்றால் நிலை 1. இரண்டாவதில் மட்டும் குழிவு, நிலை 2. மூன்றாவதிலும் வந்துவிட்டால் நிலை 3. நாலாவதும் குழிந்துவிட்டால் நிலை 4 அல்லது அதற்கு மேல். குழிவு மேலிருந்து கீழாகத்தான் இறங்கும் என்று நினைவில் வைத்தால் மனப்பாடம் வேண்டாம். கழுத்து சற்றுத் திரும்பியிருந்தால் விளிம்பு இரட்டைக் கோடாக விழும். அந்த நிழலைக் குழிவென்று எண்ணிவிடாதீர்கள்.

வடிவம். மூன்றாவது, நாலாவது இரண்டை மட்டும் பாருங்கள். சிறுவயதில் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்ந்தும் சரிவகமாக இருக்கும். நிலை 3இல் சரிவகமாகவோ, படுக்கவைத்த செங்கல் போலவோ இருக்கலாம். நிலை 4இல் இரண்டுமே படுத்த செங்கல். இரண்டில் ஒன்றாவது சதுரமானால் நிலை 5. ஒன்றாவது நிமிர்த்திவைத்த செங்கலாக, அகலத்தைவிட உயரம் கூடிவிட்டால் நிலை 6.

இனி அர்த்தம். கீழ்த்தாடையின் உச்ச வளர்ச்சி சராசரியாக நிலை 1க்கு இரண்டு ஆண்டு கழித்து, நிலை 2க்கு ஓராண்டு கழித்து வரும். நிலை 3 என்றால் வரும் ஓராண்டுக்குள். நம் பையன் நிலை 3இல் இருந்தால் அப்ளையன்ஸைத் தள்ளிப்போடாதீர்கள். நிலை 1 என்றால், பொதுவாக நான் பொறுப்பேன். நிலை 4இல் உச்சம் கடந்துவிட்டது. 5, 6இல் வளர்ச்சியை நம்பித் திட்டம் போட முடியாது.

2க்கும் 3க்கும் நடுவில் தடுமாறுவது சகஜம், அனுபவசாலிகளுக்கும் நேரும். அப்போது நான் டிரேஸிங்கை மூடிவைத்துவிட்டு மறுநாள் புதிதாக வரைவேன். பையனின் உயரம் அண்மையில் சட்டென்று கூடியதா என்று வீட்டாரிடம் கேட்பேன். பெண் குழந்தை என்றால் பூப்பெய்திவிட்டாளா என்பதும் முக்கியம்.

ஒரு விஷயம். கீழ்த்தாடை முன்தள்ளிய நோயாளிக்கு அறுவை சிகிச்சை என்றால் நிலை 6 என்ற ஒரே படத்தை நம்பி நாள் குறிக்காதீர்கள். இடைவெளி விட்டு இன்னொரு செஃபலோகிராம் எடுத்து, இரண்டு டிரேஸிங்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தாடை நகரவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.